யார் சொல்வது, எந்த நாளைப் பற்றி, எந்த அளவில்: கிராமக் கள ஆய்வில் கருவித் தேர்வு

ஆய்வுத் தலைப்பு முடிவானதுமே கேள்வித்தாள் எழுத உட்கார்ந்துவிடுகிறோம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அறிக்கையில் கடைசியாக வரப்போகும் அட்டவணைகளை, எண்கள் இல்லாமல், தலைப்பும் வரிசையும் மட்டும் போட்டு வெறும் கட்டங்களாக வரைந்துகொள்ள வேண்டும். நாலைந்து அட்டவணை போதும். வரைய வரவில்லை என்றால் ஆய்வுக் கேள்வியே இன்னும் தெளியவில்லை. தகவல் திரட்டும் கருவியைப் பற்றிப் பேச நேரம் வரவில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையின் நெல் கிராமங்களில் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு பெண்களின் வேலையும் கூலியும் எப்படி மாறியிருக்கின்றன என்பது கேள்வி. வெறுங்கட்டங்கள் இப்படி அமையும்: குறுவை, சம்பா, தாளடி என்று பட்டவாரியாக (பட்டம் என்பது சாகுபடிப் பருவம்) ஒரு பெண்ணுக்குக் கிடைத்த கூலி நாட்கள், ஒரு மணி நேர வேலைக்குக் கிடைத்த கூலி, கூலி வேலை, சொந்த வயல், மாடு, சமையல், பிள்ளை பராமரிப்பு என்று ஒரு நாள் பிரிந்துபோகும் விதம், வேலை குறைந்ததற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள்.

இனி ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது யாருக்குத் தெரியும்? எத்தனை நாள் வரை நினைவில் நிற்கும்? எந்த இடத்தில், யார் கூட இருந்தால் சொல்வார்கள்? கருவியைத் தேர்ந்தெடுப்பது இந்த மூன்று பதில்கள்தான். கூலி நாட்களை அந்தப் பெண்ணே சொல்வார், ஆனால் ஒரு வருடத்துக்கு முந்தியது கலைந்துவிடும். நாள் பிரியும் விதம் நேற்றைக்கு மட்டும்தான் நினைவில் இருக்கும். காரணங்களைத் தனி ஆளிடம் கேட்டால் ஒரு வரியில் முடியும், ஐந்தாறு பேர் சேர்ந்தால் விரியும். ஆக, ஒரே ஆய்வில் நேர்காணல் பட்டியல், நேரக் குறிப்பு (ஒரு நாளின் ஒவ்வொரு மணியும் எதில் போனது என்ற பதிவு), குழு உரையாடல் என மூன்று கருவி வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கேள்வித்தாளில் திணிக்கும்போதுதான் அது 30 பக்கமாகிறது. 45 நிமிடத்தைத் தாண்டிய நேர்காணலின் பின்பாதியில் வரும் பதில்களை நம்பி எதையும் எழுத முடியாது.

பதில் சொல்பவரே படித்து நிரப்புவது கேள்வித்தாள். நாம் வாசித்து, அவர் வாயால் சொல்ல, நாம் எழுதுவது நேர்காணல் பட்டியல். பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் இந்த வேறுபாடு களத்தில் மிகப் பெரியது. கிராமத்து ஆய்வுக்கு கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் வருவது ஸ்மார்ட்போன் வைத்திருப்பவரிடமிருந்து. பல வீடுகளில் அது மகனோ மகளோ. மாதிரி எண்ணிக்கை 400 என்று நிறைவாகத் தெரியும். அந்த 400 பேர் யார் என்பதற்கு விடை இருக்காது. கல்லூரி ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் போன்று பெயர்ப்பட்டியல் உள்ள, படித்த கூட்டத்துக்கு இணையப் படிவம் சரியான கருவி. நடவுக்குப் போகும் பெண்களுக்கு இல்லை.

பெண்களின் வேலையைக் கேட்பது

"நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால், காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, சொந்த வயலில் களை எடுத்துவிட்டு வந்த பெண்கூட "வீட்டுலதாம்மா இருக்கேன்" என்பார். கணவரிடம் கேட்டால் இன்னும் உறுதியாக அப்படியே சொல்வார். வீடுகளை மாதிரியாக எடுத்து மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் குறியீடுகளில் இந்தப் பதில் 92 என்று பதிவாகும்: வீட்டுப் பணிகள் மட்டும். வீட்டுப் பணியோடு விறகு, தீவனம் சேகரிப்பது, சொந்த உபயோகத்துக்குத் தைப்பது போன்றவை இருந்தால் 93. இரண்டும் தொழிலாளர் கணக்கில் சேராது. சொந்த வயலில் கூலியில்லாமல் உழைப்பவருக்கு 21 என்ற குறியீடு இருக்கிறது, அவர் தொழிலாளர்தான். 92-க்கும் 21-க்கும் இடையில் ஒரு பெண் எங்கே விழுவார் என்பதைப் பெரும்பாலும் கேள்வி கேட்கப்பட்ட முறைதான் தீர்மானிக்கிறது.

இதற்குச் செய்யக்கூடியது, பொதுக் கேள்வியைத் தூக்கிவிட்டுப் பட்டியலாகக் கேட்பது. "போன ஏழு நாளில் சொந்த வயலுக்குப் போனீங்களா? எத்தனை நாள்? மாடு, ஆடு, கோழி பார்த்தீங்களா? பால் ஊத்துனீங்களா? நெல்லு, உளுந்து காயவச்சு எடுத்தீங்களா? விக்கிறதுக்கு ஏதாவது செஞ்சீங்களா? நடவு, களைன்னு கூலிக்குப் போனீங்களா? நூறு நாள் வேலைக்குப் போனீங்களா?" எட்டிலிருந்து பத்து வரி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, எத்தனை நாள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை மணி நேரம். ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். கேட்டு முடித்த பிறகு குறியீடு போடுவது உங்கள் வேலை. அதை அவர் தலையில் கட்டக் கூடாது.

இதைவிட முக்கியம், அந்தப் பெண்ணிடமே கேட்பது. வீட்டுத் தலைவரிடம் எல்லோருடைய வேலையையும் கேட்டு எழுதுவதால் நேரம் மிச்சமாகிறது. பெண்களின் வேலைநாட்கள் மறைந்துபோவதும் அதனால்தான். வீட்டில் 18 வயதைக் கடந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் பெயர்களை எழுதிச் சீட்டு எடுக்கலாம், டேப்லெட்டில் செயலியே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி வைக்கலாம். எதிரே இருப்பவரிடம் கேட்டுவிட்டு வந்தால் மாதிரியில் மாமியார்கள்தான் நிறைவார்கள். மருமகள் வயலில் இருப்பார். தேர்வானவர் இல்லை என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் இன்னொரு முறை, மறுநாள் காலை ஒரு முறை. மூன்றாவது முறையும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அவருக்குப் பதிலாகச் சேர்க்காதீர்கள்.

நாள் எப்படிப் பிரிகிறது என்பதற்கு நேரக் குறிப்பு வேண்டும். இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முன்னோடியாக நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. நாடு தழுவியதாக 2019இல் நடந்தபோது, முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் நேர்காணல் நாள் அதிகாலை 4 மணி வரையான 24 மணி நேரத்தை அரை அரை மணியாக வெட்டிக் கேட்டார்கள். சின்ன ஆய்வுக்கும் அதே அமைப்பு பொருந்தும். 48 வரிசை, ஐந்து நெடுவரிசை: நேரம், முக்கிய வேலை, கூடவே நடந்த வேலை, இடம், கூலி உண்டா இல்லையா. இரண்டாவது வேலைக்கு என்று தனி நெடுவரிசை இல்லாவிட்டால் பிள்ளை பராமரிப்பு கிட்டத்தட்ட முழுவதும் காணாமல் போகும். ஒரு நேர்காணலின் தொடக்கம் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"நேத்து எத்தனை மணிக்கும்மா எழுந்திரிச்சீங்க?"

"மணி எங்கம்மா பாக்குறது. மொத பஸ்ஸு போறதுக்கு முன்னாடி."

"எழுந்ததும் என்ன செஞ்சீங்க?"

"சாணி தெளிச்சுக் கோலம் போட்டேன். மாட்டை மாத்திக் கட்டுனேன்."

"அப்போ சின்னப் புள்ளை?"

"அது இடுப்புலதான்."

மூன்றாவது கேள்வி இல்லையென்றால் அந்த அரை மணியில் குழந்தையே இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் "அப்போ கூடவே வேற ஏதாவது?", "யார் கூட இருந்தாங்க?" என்ற இரண்டையும் கேட்கும் பழக்கம் வர வேண்டும். மணிக்கணக்குக்கு ஊரின் நேரக் குறிகளை முதல் நாளே சேகரித்துக்கொள்ளுங்கள்: முதல் பஸ் எத்தனை மணிக்கு, பால் வண்டி எப்போது, பள்ளிக்கூட மணி, மசூதி பாங்கு, கோயில் பாட்டு, மாலை பஸ். இவற்றை ஒரு அட்டையில் எழுதிக் களப்பணியாளர் கையில் கொடுத்துவிட்டால் "முதல் பஸ்ஸுக்கு முன்னாடி" என்பதை அரை மணிக்குள் அடக்கிவிடலாம்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். குறியீடு மாலையில் போடலாம். எதிரே உட்கார்ந்து குறியீட்டுப் பட்டியலைப் புரட்டினால் பேச்சு அறுந்துவிடும். பன்னாட்டு நேரப் பயன்பாட்டு வகைப்பாட்டில் ஒன்பது பெரும் பிரிவுகள் இருக்கின்றன. அதையே எடுத்துக்கொண்டால் பிற ஆய்வுகளோடு ஒப்பிட முடியும். சொந்தமாக வகை உண்டாக்கினால் அந்த வாசல் அடைபடும்.

எந்த நாளைக் கேட்கிறோம் என்பதும் கணக்கு. திங்கட்கிழமை நேர்காணல் என்றால் கிடைப்பது ஞாயிறு. வாரத்தின் ஏழு நாளும் ஏறக்குறைய சமமாக வரும்படி வீடுகளுக்கு நாளை ஒதுக்க வேண்டும். பட்டமும் அப்படியே. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. குறுவை நடவு ஜூன், ஜூலையில். அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா அறுவடை பொங்கலையொட்டி. விடுமுறை கிடைக்கிறது என்று மே மாதத்தில் போய் நேரக் குறிப்பு எடுத்தால், வயலில் வேலையே இல்லாத மாதத்தை வைத்துக்கொண்டு இயந்திரம் வேலையைப் பறித்ததாக எழுத வேண்டிவரும். பணமும் நாளும் குறைவென்றால் வீடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, நடவுப் பருவத்தில் ஒருமுறை, வேலையில்லாப் பருவத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை போவது மேல்.

எத்தனை நாளைக்குப் பின்னோக்கிக் கேட்கலாம்

நினைவுக் காலம் பதிலையே மாற்றும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு நெடுங்காலம் குடும்பச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்டுவந்தது. 1990களின் நடுவில் சிறு சுற்றுகளில் ஒரு பாதி வீடுகளில் 30 நாள், மறுபாதியில் உணவுக்கு 7 நாள் என்று கேட்டுப் பார்த்தபோது, 7 நாள் கேட்ட வீடுகளில் உணவுச் செலவு கூடுதலாக வந்தது. 1999-2000இல் நடந்த 55ஆவது சுற்றில் இரண்டு காலத்தையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில், ஒரே வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்பவரோ எழுதுபவரோ ஒன்றை வைத்து மற்றதைச் சரிக்கட்டியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. 1993-94இல் ஏறக்குறைய 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 ஆகக் குறைந்ததாக அந்தச் சுற்று காட்டியபோது, அதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வித்தாள் மாறியதால் வந்தது என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் வைத்ததன் விலை அது. 2022-23 குடும்பச் செலவு ஆய்வில் உணவு, நுகர்பொருள் மற்றும் சேவைகள், நீடித்த பொருட்கள் என்று மூன்று தனித் தாள்களாக்கி, மூன்று தனி வருகைகளில் கேட்டார்கள்.

நம் அளவில் இதைப் பின்பற்றலாம். காய்கறி, மீன், முட்டை, எண்ணெய் ஆகியவற்றுக்கு 7 நாள். அரிசி, கேஸ், மின்கட்டணம், ரேஷன் பொருளுக்கு 30 நாள். துணிமணி, பள்ளிக் கட்டணம், மருத்துவமனைச் சேர்க்கை, பாத்திரம், வண்டிக்கு 365 நாள். கூலி வேலைக்கு 7 நாள் துல்லியமாக வரும், வருடக் கணக்கு வேண்டுமென்றால் பட்டம் பட்டமாகக் கேட்க வேண்டும்: "குறுவை நடவுக்கு எத்தனை நாள் போனீங்க? யார் யார் வயலுக்கு?" வயல்காரர் பெயரைச் சொல்லச் சொல்ல நாட்கள் நினைவுக்கு வரும். "போன வருஷம் மொத்தம் எத்தனை நாள்?" என்றால் 50, 100 என்று முழு எண்தான் கிடைக்கும்.

எல்லையும் தெளிவாக வேண்டும். பெரிய செலவையும் பெரிய நிகழ்வையும் மக்கள் உண்மையில் நடந்ததைவிட அண்மையில் நடந்ததாகவே சொல்வார்கள். "ஒரு வருஷத்துக்குள்ள" என்று கேட்காமல் "போன ஆடிப் பெருக்குக்குப் பிறகு", "போன பொங்கலுக்கு அப்புறம்" என்று ஊரே அறிந்த நாளை எல்லையாக வைத்தால் இந்த நழுவல் பெருமளவு குறையும். நூறு நாள் வேலைக் கூலி வங்கிக் கணக்கில் வருவதால் பாஸ்புக்கைப் பார்த்துச் சரிபார்க்கலாம். அவர் விரும்பிக் காட்டினால் மட்டும். அப்போதும் கணக்கு எண்ணைக் குறிக்காமல்.

வயதுக்கும் இதே வழிதான். 40, 45, 50, 60 என்று 0, 5 இல் முடியும் வயதுகள் குவிந்து வரும். ஒரு நிகழ்வுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1977 நவம்பர் நாகை புயல், 1984 இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பர் எம்.ஜி.ஆர். மறைவு, 1991 ராஜீவ் கொலை, 2004 சுனாமி, 2018 கஜா புயல். "எம்.ஜி.ஆர். இறந்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மூத்த பிள்ளை எத்தனாவது படிச்சுது?" என்ற இரண்டு கேள்வியில் வயது இரண்டு மூன்று ஆண்டுக்குள் அடங்கும்.

அளவும் கூலியும்

நிலத்தை ஏக்கரில் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். டெல்டாவில் மா, குழி, வேலி என்றுதான் பேச்சு. 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது ஏறக்குறைய 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 20 மா ஒரு வேலி. வேறு பகுதிகளில் குழியின் அளவு வேறு, அதனால் இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நெல் மூட்டையும் ஓர் ஊரில் 60 கிலோ, இன்னோர் ஊரில் 75. படிவத்தில் எண்ணுக்கு ஒரு கட்டம், அலகுக்கு ஒரு கட்டம். கிலோவாக, ஏக்கராக மாற்றுவது கணினியின் வேலை. களப்பணியாளர் மனக்கணக்கு போட்டு எழுதினால் பிழையைக் கண்டுபிடிக்கவே வழியிருக்காது. ஒவ்வோர் ஊரிலும் முதல் நாளே அனுபவமுள்ள விவசாயிகள் இருவரிடம் கேட்டு அந்த ஊரின் அளவு அட்டவணையைத் தயாரித்துவிடுங்கள்.

கூலிக் கேள்வியில் "ஒரு நாள் கூலி எவ்வளவு?" என்பதோடு நின்றால் பாதிதான் கிடைக்கும். நடவு பல இடங்களில் நாள் கூலியாக இல்லாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசி எடுக்கப்படுகிறது. 18 பேர் சேர்ந்து 2 ஏக்கர் நட்டு, ஏக்கருக்கு 5,000 ரூபாய் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 555 ரூபாய். அதைக் காலை எட்டு முதல் மதியம் ஒரு மணிக்குள் முடித்திருந்தால் மணிக்கு 111. இதே பெண் களைக்கு முழுநாள் போய் அதைவிடக் குறைந்த தொகை வாங்கியிருப்பார். இரண்டையும் 'நாள் கூலி' என்ற ஒரே கட்டத்தில் போட்டால் கூலி உயர்ந்ததா வேலை முறை மாறியதா என்று பிரித்தறிய முடியாது. எனவே ஆறு கட்டம்: நாள் கூலியா ஏக்கர் கணக்கா, எத்தனை பேர், எத்தனை மா, மொத்தம் எவ்வளவு, தொடங்கிய முடிந்த நேரம், டீ, சாப்பாடு, வண்டிச் செலவு யாருடையது. பேசி முடித்த குழுத் தலைவிக்குத் தனிப் பங்கு உண்டா என்பதைக் குழுவில் வைத்துக் கேட்காமல் தனியாகக் கேளுங்கள்.

ஐந்து புள்ளி அளவுகோல்

ஒரு கூற்றை ஒருவர் எவ்வளவு ஒத்துக்கொள்கிறார் என்று ஐந்து படியில் கேட்க, அமெரிக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த அளவுகோல் தாளில் படித்து டிக் அடிப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. வாயால் வாசித்தால் சிக்கல். "முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், நடுநிலை..." என்று ஐந்தையும் நினைவில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது. மரியாதைக்காக "ஆமாம்மா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் நடக்கும். இரண்டு படியாகக் கேளுங்கள்: முதலில் "சரின்னு நினைக்கிறீங்களா, இல்லைன்னு நினைக்கிறீங்களா?", பிறகு "ரொம்பவா, ஓரளவுக்கா?". எதிர்ப்பொருள் வாக்கியங்கள் இரண்டு மூன்றைக் கலந்து வையுங்கள். "மிஷின் வந்ததுல பொம்பளைங்களுக்கு நல்லதுதான்" என்பதற்கும் "மிஷின் வந்ததுல பொம்பளைங்க பொழப்பு கெட்டுப்போச்சு" என்பதற்கும் ஒருவரே "ஆமா" என்றால் அந்த நேர்காணலின் அளவுகோல் பகுதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் உருவான அளவுகோலை மொழிபெயர்க்கும்போது ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். அது மட்டும் போதாது. ஐந்தாறு பேரிடம் வாசித்துக்காட்டி, "இந்தக் கேள்வியில நான் என்ன கேக்குறேன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டாக வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அந்த எண்ணம் உண்டு என்று பதில் வந்தால் யாரிடம் அழைத்துப்போவது, எந்த எண்ணைக் கொடுப்பது என்ற ஏற்பாடு இல்லாமல் அந்தக் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும்.

குழு உரையாடல்

ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றேகால் மணி நேரம், கேள்விகள் ஆறுக்கு மேல் வேண்டாம். எங்கே நடத்துகிறோம் என்பதுதான் இதில் தலையான முடிவு. ஊர்த்தெருக் கோயில் வாசலிலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ வைத்தால் காலனிப் பெண்கள் வர மாட்டார்கள். வந்தாலும் ஓரத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். கூலி கொடுப்பவர் வீட்டுப் பெண்ணும் கூலிக்குப் போகும் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்து கூலியைப் பற்றிப் பேச மாட்டார்கள். தெருவாரியாக, நிலம் உள்ளவர் இல்லாதவர் வாரியாகத் தனித்தனிக் குழு வேண்டும். காலனிக் குழுவைக் காலனியிலேயே, அவர்கள் சொல்லும் மரத்தடியில் நடத்துங்கள். அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். குடிக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள், அதைப் பார்க்க அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது.

குறிப்பெடுப்பவர் முதலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வட்டம் போட்டு எண் கொடுத்துவிட வேண்டும். ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது அதில்லாமல் குரல்களைப் பிரிக்க முடியாது. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று திட்டத்திலேயே ஒதுக்குங்கள். பன்னிரண்டு மாதமும் வேலை எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குத் தரையில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை வைக்கச் சொன்னால் பேச்சு தானாக வரும். அங்கே அவர்கள் சொல்வது தமிழ் மாதம். ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. அதை ஜூலை என்றோ ஆகஸ்ட் என்றோ எழுதினால் பதினைந்து நாள் தவறும். நடவுக் கணக்கில் பதினைந்து நாள் பெரிது. தமிழ் மாதத்தையே நெடுவரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: "எட்டுப் பேரில் ஆறு பேர் சொன்னார்கள், ஆகவே 75 விழுக்காடு" என்று ஆய்வேட்டில் எழுதக் கூடாது. குழு உரையாடல் அதற்கான கருவி இல்லை.

தாளா டேப்லெட்டா

50 வீட்டுக்குள் என்றால், நீங்களே போகிறீர்கள் என்றால், தாள் போதும். களப்பணியாளர்கள் பலர், முந்தைய பதிலைப் பொறுத்துத் தாண்டிப்போகும் கேள்விகள் நிறைய என்றால் கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே போன்ற, டேப்லெட்டில் படிவம் நிரப்பும் செயலி. படிவத்தை எக்ஸெல் கோப்பாகவே எழுதலாம்: கேள்விகளுக்கு ஒரு தாள், விடைத் தெரிவுகளுக்கு ஒரு தாள், அமைப்புகளுக்கு ஒரு தாள். கேள்வியின் உட்பெயர் சுருக்கமான ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். திரையில் தெரியும் கேள்வி மட்டும் தமிழில். களம் தொடங்கிய பிறகு உட்பெயரை மாற்றவே கூடாது. மாற்றினால் பதிவிறக்கத்தில் ஒரே கேள்வி இரண்டு நெடுவரிசையாகப் பிரிந்து நிற்கும்.

கட்டுப்பாடுகளில் கை நிதானம் வேண்டும். வயது 110-ஐத் தாண்டினால் படிவம் நகராதபடி வைக்கலாம். ஆனால் கூலி 800-க்கு மேல் போகக் கூடாது என்று பூட்டினால், உண்மையில் 900 வாங்கியவருக்குக் களப்பணியாளர் 800 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அங்கே "மறுபடி கேட்டுப் பாருங்கள்" என்ற எச்சரிக்கை மட்டும் போதும். எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்கினாலும் இதே கதைதான், அதனால் 'தெரியாது', 'சொல்ல விரும்பவில்லை' என்ற இரண்டும் எங்கும் தனித்தனிக் குறியீட்டோடு இருக்க வேண்டும். அவற்றுக்கு 98, 99 வைத்தால் வயதோடும் நாட்களோடும் கலந்து சராசரியைக் கெடுக்கும். -98, -99 என்று வையுங்கள்.

டேப்லெட்டின் தேதியும் நேரமும் தினமும் காலையில் சரிபார்க்கப்பட வேண்டும். தவறினால் நேர்காணல் எவ்வளவு நேரம், எப்போது நடந்தது என்ற பதிவே பயனற்றுப்போகும். சிக்னல் இல்லாத ஊரில் படிவங்கள் டேப்லெட்டிலேயே தங்கும். அனுப்பாமல் செயலியை நீக்கினால் எல்லாம் போய்விடும். பதிவிறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியும். டேட்டா பகுதியில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்தால் சரியாக வரும். மின்சாரம், மழை, கீழே விழுவது ஆகியவற்றுக்காக ஆளுக்குப் பத்து தாள் படிவம் பையில் இருக்கட்டும்.

முன்சோதனையும் சரிபார்ப்பும்

ஆய்வு மாதிரியில் இல்லாத, ஆனால் அந்த ஊர்களைப் போன்ற ஓர் ஊரில் 12 முதல் 15 பேரிடம் முன்சோதனை. தோழிகளிடமும் விடுதி அறைத்தோழரிடமும் கேட்டுப் பார்ப்பது முன்சோதனை ஆகாது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நிமிடம், எந்தக் கேள்வியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டிவந்தது, எதற்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள், எதற்குப் பதில் வராமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள் என்ற நான்கையும் ஓரத்தில் குறியுங்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்ன கேள்வி அட்டவணையில் எதையும் காட்டப்போவதில்லை; எடுத்துவிடலாம். திருத்தியதை மறுபடி ஐந்தாறு பேரிடம் சோதித்த பிறகே அச்சுக்கு.

களப்பணியாளர் பயிற்சிக்கு நான்கைந்து நாள் தேவை. ஒரே நேர்காணலை இருவர் தனித்தனியாகப் பதிவு செய்து இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுவதைப் போல் பயனுள்ள பயிற்சி வேறில்லை. பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். களம் தொடங்கியதும் தினமும் மாலை கால் மணி நேரம் அன்றைய பதிவுகளைப் பாருங்கள். 40 நிமிடப் படிவம் 14 நிமிடத்தில் முடிந்திருக்கிறதா? ஒருவர் கொண்டுவரும் வீடுகளில் மட்டும் 'இல்லை' அதிகமா, அதனால் தொடர் கேள்விகள் எல்லாம் தாண்டப்பட்டிருக்கின்றனவா? ஒருவருடைய பதிவுகளில் மட்டும் வயதுகள் 0, 5 இல் குவிகின்றனவா? பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் மறுபடி போய், மாறாத விஷயங்களை மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும்: வீட்டில் எத்தனை பேர், மாடு உண்டா, சொந்த நிலம் உண்டா, நேர்காணல் நடந்ததா, யாரிடம் நடந்தது. கருத்துக் கேள்விகளை மறுபடி கேட்டு வேறுபாட்டைக் களப்பணியாளர் தலையில் போடுவது அநியாயம். கருத்து மூன்று நாளில் மாறலாம்.

சம்மதத்தை வீட்டுத் தலைவரிடம் வாங்கிவிட்டுப் பெண்ணிடம் பேசுவது வழக்கமாகிவிட்டது. பதில் சொல்பவர் அவரே என்பதால் சம்மதமும் அவருடையதாக இருக்க வேண்டும். எதற்காக, எவ்வளவு நேரம், எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம், அரசுத் திட்டம் எதுவும் இதனால் வரவும் போகவும் செய்யாது: இந்த நான்கையும் பேச்சுத் தமிழில் ஒரு நிமிடத்தில் சொல்ல முடியும். கடைசியானதைச் சொல்லாவிட்டால் நிலத்தையும் வருமானத்தையும் குறைத்துத்தான் சொல்வார்கள். ஆதார் எண் எந்தச் சமூக ஆய்வுக்கும் தேவையில்லை, கேட்கக் கூடாது. வீட்டு வாசலின் ஜிபிஎஸ் புள்ளி ஒருவரை அடையாளம் காட்டிவிடும் என்பதால் மறுவருகைக்கு மட்டும் பயன்படுத்தி, ஆய்வுக் கோப்பிலிருந்து நீக்குங்கள். பெயர், தொலைபேசி எண், வீட்டு எண் ஆகியவை ஒரு கோப்பில். பதில்கள் வேறொரு கோப்பில். இரண்டையும் இணைப்பது ஒரு வரிசை எண் மட்டும். பெயர்க் கோப்பு கடவுச்சொல்லோடு ஒரே கணினியில் இருக்கட்டும், களப்பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படம்கூட வரக் கூடாது. அந்தக் கோப்பு எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும், அழிப்பது யார் பொறுப்பு என்பதையும் சம்மதப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும்.